அரைக் கோய்தா

அம்மாவின் வலது காலில் மஞ்சள் பற்றுப் போட்ட துணியைச் சுற்றி, அதற்கு மேல் யூரியாச் சாக்கைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். அவள் அந்தக் காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் சாக்கு சரக்கென்று சத்தம் போட்டது. கரும்பு லாரிகள் போகும் மண் பாதையில் நாங்கள் நால்வரும் நடந்துகொண்டிருந்தோம். தலையில் தகரப் பெட்டியுடன் அப்பா முன்னால் போனார், அவருக்குப் பின்னால் ஒரு கோலை ஊன்றியபடி அம்மா, கடைசியாக என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா செல்வி. எனக்கு அப்போது ஏழு வயது. இடுப்பில் தூக்கும் வயது இல்லை, என் கால்கள் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன, இருந்தும் அவள் இறக்கிவிடவில்லை. அப்பா யாரையோ திட்டிக்கொண்டே நடந்தார், அம்மா அழுதுகொண்டே நடந்தாள். செல்வி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று இப்போது நினைவுக்கு வருகிறது. அல்லது இப்போது தெரிந்த ஒன்றினால் அப்படி நினைவுக்கு வருகிறதோ என்னவோ, அதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

எங்கள் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அப்பா ரோடு போடும் வேலைக்காகப் புனே வந்தவர். ஏரவாடாவில் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். சந்தில் பாதிப் பேர் தமிழர்கள், மேஸ்திரியும் தமிழர், அதனால் அப்பா ஹிந்தி கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. தாரைக் கொட்டு, ஜல்லியை அள்ளு, ஒதுங்கு, இப்படிப் பத்து வார்த்தைக்கு மேல் அவருக்குத் தெரியாது. ஒரு வருடம் ரோடு வேலை நின்றுபோனது. பக்கத்துச் சந்து மராட்டிக்காரர் ஒருவர், தன் ஊர்க் கரும்பு வெட்டும் கூட்டத்தில் ஒரு ஜோடி குறைகிறது, வருகிறீர்களா என்று கேட்டார். பருவத்தின் நடுவில் சேர்ந்ததால் மற்றவர்களைப் போல முன்பணம் வாங்கவில்லை. ஒரு டெம்போவில் ஏறி நீரா நதிப் பக்கம் போய் இறங்கினோம். கரும்புத் தோகை வேய்ந்த கூம்புக் குடிசைகள் வரிசையாக நின்றன. அந்தக் கூட்டத்தில் நாங்கள் மட்டும்தான் தமிழ்க் குடும்பம்.

"கோய்தா" என்றால் மராத்தியில் கரும்பு வெட்டும் அரிவாள். அங்கே ஆட்களையும் கோய்தா என்றுதான் எண்ணுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு கோய்தா; ஆண் வெட்டிச் சாய்ப்பான், பெண் தோகை உரித்து, கட்டாகக் கட்டி, தலையில் தூக்கி லாரிக்கு ஏற்றுவாள். தனி ஆள் "அர்தா கோய்தா", அதாவது அரைக் கோய்தா. என்னைப் போன்ற பிள்ளைகள் எந்தக் கோய்தாவிலும் சேர்த்தி இல்லை, கரும்பைத் தின்றுகொண்டு சுற்றினோம். செல்விக்குப் பதின்மூன்று வயது. அவள் ஏரவாடாவில் முனிசிபல் பள்ளியில் மராத்தியில் ஆறாவது வரை படித்தவள், ஆகவே கூட்டத்தின் தலைவரான முகாதம் சொல்வதை அப்பாவுக்கும், அப்பா சொல்வதை முகாதமுக்கும், எண்ணெய்க் கடைக்காரன் சொல்வதை அம்மாவுக்கும் சொல்கிற வேலை அவளுடையது. மற்ற மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தபடிதான் அந்த இரண்டு மாதமும் வாழ்ந்தோம்.

கரும்பு வெட்டிய பிறகு தரையில் நிற்கும் அடிக்கட்டை ஈட்டி மாதிரி இருக்கும். கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடும்போது அம்மா அதன்மேல் காலை வைத்துவிட்டாள். முதலில் சின்னக் காயம்தான். ஐந்தாம் நாள் கால் பூசணி மாதிரி வீங்கி, அவள் குடிசைக்குள் படுத்துவிட்டாள். அப்பா தனியாக வெட்டினார், தனியாக உரித்தார், தனியாக ஏற்றினார். செல்வி கட்டுக் கட்டுவதற்குப் போவாள், ஆனால் கட்டைத் தூக்கும்போது கழுத்து மடங்கும். கூட்டத்தில் அப்பாவை அரைக் கோய்தா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் கேலி இருந்ததா, வெறும் பெயரா, எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம், லாரி கிளம்பிப் போனதும், முகாதம் எங்கள் குடிசை வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி வந்தாள், அவருடைய அண்ணன் மகன் வந்தான், இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். செல்வி நடுவில் நின்றாள். முகாதம் மெதுவாக, நிறையப் பேசினார். இடையில் அவர் மனைவி ஏதோ சொல்ல, எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன், அப்பாகூட என்ன விஷயம் என்று தெரியாமல் பாதிச் சிரிப்பு சிரித்தார். பிறகு செல்வி அப்பா பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அரைக் கோய்தாவுக்கு இங்க வேலை இல்லியாம்ப்பா. காலையில கெளம்பிடச் சொல்றாங்க." அப்பாவின் முகம் மாறியது. அவர் ஏதோ சொன்னார், அதைச் செல்வி முகாதமிடம் சொன்னாள், முகாதம் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். போகும்போது அவர் மனைவி என் கையில் ஒரு பெரிய வெல்லக் கட்டியை வைத்து, கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். மறுநாள் காலை, கூட்டம் வயலுக்குப் போன பிறகு நாங்கள் நடந்தோம். தார் ரோட்டில் ஒரு வெங்காய டெம்போக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து புனே எல்லையில் ஹடப்சரில் இறக்கிவிட்டார்.

துரத்திவிடுகிறவர்கள் எதற்காக வெல்லம் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.

இந்தக் கதையை அப்பா ஏரவாடா சந்து முழுவதும் சொன்னார். "சிரிச்சான்யா. என் பொண்டாட்டி கால் வீங்கிக் கெடக்குது, அரைக் கோய்தான்னு சொல்லி ஊரக் கூட்டி வெச்சிச் சிரிக்கிறான். தூக்குடி பெட்டியன்னேன். நீ என்னா என்னை அனுப்பறது, நான் போறேன்டான்னேன்." அவர் சொல்லும்போது கேட்பவர்கள் தொடையில் தட்டுவார்கள். வருடம் ஆக ஆகக் கதையில் அவர் அரிவாளை முகாதமின் காலடியில் வீசினார். பிறகு அதை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். நான் பார்த்தவரை அந்த அரிவாளைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள்தான் வைத்தார். அம்மா அதை வைத்துப் பத்து வருடம் மீன் வெட்டினாள்.

அம்மாவின் கதை காலில் ஆரம்பித்துக் காலில் முடியும். "கட்டையப் பாத்து கால வெச்சிருந்தா நாம அந்த வேலையிலயே நின்னிருப்போம்." நான் ஏழாவதோடு படிப்பை விட்டதற்கும், செல்வி சாங்வியில் வீட்டு வேலைக்குப் போனதற்கும், அப்பா கடைசி வரை நிலையான வேலை இல்லாமல் செத்ததற்கும் அந்த ஒரு காலைத்தான் அவள் காரணமாகச் சொல்வாள். அந்தக் கால் இன்றும் கொஞ்சம் கோணலாகத்தான் தரையில் படும். யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவள் குனிந்து அதைத்தான் பார்ப்பாள்.

என் கதையில் நான் சொந்தக் காலில் நடந்தேன். லாரியில் கிளீனராகவும், ரத்னகிரியில் மாம்பழப் பெட்டி ஆணி அடிப்பவனாகவும், கோர்படியில் கேன்டீனில் தட்டு கழுவுபவனாகவும் இருந்த இடத்தில் எல்லாம் அந்த இரண்டு மாதத்தைச் சுவையாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. சுற்றிச் சுற்றி செல்வி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவேன்.

செல்வி இப்போது புனேவிலேயே சாங்வியில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த குடும்பங்கள்தான் வாடிக்கை. அதில் ஒருவர் ரம்யா மேடம், கோயம்புத்தூர்க்காரர். தமிழ் படிக்கத் தடுமாறும் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்துகிறார். இந்த வருடம் மாவு வாங்க வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்க சின்ன வயசுல கரும்புக் காட்டுல வேலை பார்த்தீங்களாமா?"

"நான் கரும்பு தின்னேன் மேடம். வேலை பார்த்தது அவங்க."

"அத எழுதிக் குடுங்ணா. பசங்களுக்குப் பாடமா வைக்கறேன். ஒண்ணே ஒண்ணுங்ணா, ஊர் விட்டு ஊர் போயி வேலை செய்யறவங்க கதைன்னாலே எல்லாரும் தூரத்துல நின்னுட்டு, 'அவர்கள் பாவம்'னு எழுதிடறாங்க. நீங்க 'நான்'னு எழுதுங்க. அப்பத்தான் உண்மையா இருக்கும்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதில் தப்பும் இல்லை. ஒரு நோட்டு வாங்கி உட்கார்ந்தேன். 'நான்' என்று எழுதினால் ஏழு வயதுப் பையனுக்குத் தெரிந்தது லாரியும் வெல்லமும்தான், அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. 'அவர்கள்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஜீப்பில் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனது மாதிரி இருந்தது, எங்கள் குடிசையில் எங்களையே காணோம். கடைசியில் அப்பாவின் 'நான்' போட்டு எழுதினேன். அது ஓடியது. பேனா நிற்கவே இல்லை. அரிவாள் உடைகிற இடத்தையும் சேர்த்தே எழுதினேன்.

மத்தியானம் செல்வி மாவு அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினேன். உள் அறையில் அம்மா மராத்தி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் வராத மராத்தி, சீரியல் பார்த்தே வந்துவிட்டது அவளுக்கு. அப்பாவைப் பார்த்து எல்லோரும் சிரிக்கும் இடம் வந்ததும் செல்வி எழுந்து போய் இரண்டாவது கிரைண்டரையும் போட்டாள். அதில் அரிசி இல்லை. ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, கல்லைச் சும்மா ஓடவிட்டாள்.

"அப்பாவப் பாத்து யாரும் சிரிக்கல," என்றாள்.

"நான் பார்த்தனேக்கா. நானும்தான் சிரிச்சேன்."

"அந்தப் பொண்ணப் பாத்து சிரிச்சாங்க."

"எந்தப் பொண்ணு?"

"நடுவுல நின்னு பேசிச்சே, அதுதான்."

பிறகு அவள் சொன்னாள். முழுவதும் "அந்தப் பொண்ணு" என்றே சொன்னாள், பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வது போல. முகாதம் அன்று வேலை இல்லை என்று சொல்லவே இல்லை. உன் பெண்டாட்டி கால் குணமாக நாளாகும், நீ அரைக் கோய்தா. என் அண்ணன் மகனும் கல்யாணம் ஆகாத அரைக் கோய்தா. உன் மகளுக்கு வயது வந்துவிட்டது, அடுத்த சந்தை நாளில் மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டால் அங்கே ஒரு முழுக் கோய்தா ஆகும், சம்பந்தி என்று ஆன பிறகு உன்னை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், கால் ஆறும்வரை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். இதைத்தான் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அது கெட்ட பேச்சும் இல்லை, பாதிப் பேருக்கு அந்த வயதில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அதை அப்பாவுக்குச் சொல்ல அந்தப் பெண்ணைத் தவிர வேறு ஆள் இல்லை. முகாதம் மனைவி சொன்னது இதுதான்: தன் கல்யாணத்தைத் தானே தரகு பேசுகிற மணப்பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதற்குத்தான் அவ்வளவு சிரிப்பு.

"அந்தப் பொண்ணுக்கு வாய் வரல. அப்புறம் வாய்க்கு வந்ததச் சொல்லிடிச்சி."

"அப்பா ஏதோ திருப்பிச் சொன்னாரே?"

"இவன் மூஞ்சில இனிமே முழிக்க மாட்டேன்னு சொல்லுன்னாரு. புனேல சொந்தக்காரங்களக் கேட்டுட்டு வந்து நல்ல பதில் சொல்றாராம்னு அது அங்க சொல்லிச்சி. அதான் ஒனக்கு வெல்லம்."

நான் நோட்டை மூடினேன். "அம்மாகிட்ட சொல்லிடலாமேக்கா," என்றேன். "கால் காலுன்னு இத்தன வருசமா..."

"சொன்னா என்ன ஆவும்? கால விட்டுட்டு என்னைப் புடிச்சிக்கும். இல்லன்னா செத்துப் போனவரப் புடிச்சிக்கும். இப்ப அது பாட்டுக்கு காலோட போவுது, வுடு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "என்னாடி, ரெண்டு மிஷினு ஓடுது? ஆர்டரா?"

"கழுவறேம்மா!"

கல்லின் சத்தத்தில் அவள் என் பக்கமாகக் குனிந்தாள். அதுவரை கதையில் வராத ஒரு சொல் அப்போதுதான் வந்தது. "நான் அப்பாகிட்ட நெசத்தச் சொல்லிக் கேட்டிருந்தா, வேணாம்னுதானே சொல்லியிருப்பாரு?"

அவளுடைய வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். முப்பது வருடமாகச் சுமந்த கேள்வி. நான் அப்பாவை நினைத்துப் பார்த்தேன். செல்வி காய்ச்சலாகக் கிடந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரவாடாவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை ஓடிய அப்பா; அந்தக் கடைசி வாரம் குடிசை வாசலில் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு வீங்கிய காலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த அப்பா. இரண்டு பேரும் ஒரே ஆள்தான். யார் பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

"சொல்லியிருப்பாருக்கா," என்றேன். ஆனால் அதைச் சொல்வதற்குள் கல் நாலைந்து சுற்று சுற்றிவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏழு வயசுப் பையன், ஒனக்கென்னா தெரியும்," என்று சொல்லி கிரைண்டரை நிறுத்தினாள்.

கிளம்பும்போது, இதை எழுதலாமா என்று கேட்டேன். "பசங்க புஸ்தகத்துல வேணாம். வேற எங்கயாச்சும் எழுதிக்கோ, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேர மாத்திடு. அந்தப் பொண்ண ரொம்ப புத்திசாலியா ஆக்கிடாத, பயத்துல ஒளறினது அது." அதனால் செல்வி என்பது அவள் பெயர் அல்ல. ரம்யா மேடத்துக்குப் பிறகொரு நாள் வெங்காய டெம்போவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'நான்' என்றுதான் எழுதியிருந்தேன். ரொம்ப உண்மையாக இருக்கிறது என்று சொன்னார்.

இரண்டு நாள் இருக்கலாம் என்று வந்தவன் செல்வி சொன்ன அன்றைக்கே கிளம்பிவிட்டேன். சாங்வியிலிருந்து ஔந்து, கட்கி வழியாக ஏரவாடாவுக்கு நடந்தேன். பஸ் இருந்தது, ஏறத் தோன்றவில்லை. 'நான்' என்றால் உண்மை என்று ரம்யா மேடம் சொன்னார். அப்பா நான் நான் என்று சொன்ன கதையில் அவருக்கே தெரியாத பாதி இருந்தது, செல்வியோ தன்னை அந்தப் பெண் என்று தள்ளி நிறுத்திய பிறகுதான் வாய் திறந்தாள். அவள் சொன்னதும் பதின்மூன்று வயதுப் பெண்ணின் காதில் விழுந்ததுதானே. முகாதம் கண்டிப்பாகப் பேசினாரா, சும்மா கேட்டுப் பார்த்தாரா, அந்தப் பையனுக்குச் சம்மதமா, அவர்களிடம் கேட்டால் அவர்கள் ஒரு கதை சொல்வார்கள்: நல்ல பதிலோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிப்போன ஒரு மதராசியின் கதை. எங்களைச் சேர்த்துவிட்ட மராட்டிக்காரர் பிறகு ஏரவாடா பக்கமே வரவில்லை; அவர்கள் எந்த ஊர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை லாரியில் அந்தப் பக்கம் போனபோது இறங்கித் தேடினேன். குடிசைகள் நின்ற இடம் எது என்றே அடையாளம் தெரியவில்லை, ஒரு வயலில் மெஷின் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் பிளாட் போட்டுக் கல் நட்டிருந்தார்கள். அது போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நல்ல இடம் இல்லை அது. ஆனால் கட்கி பாலத்தில் நடக்கும்போது, அப்பாவின் கதையை இனிமேல் எந்த டீக்கடையிலும் என்னால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு கதைதான். பெட்டியைத் தூக்குடி என்று அவர் எழுந்து நின்ற அந்த நிமிஷம் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் காலை ஏரவாடா டீக்கடை எதிரில் தமிழ்நாட்டு நம்பர் போட்ட, ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஒன்று நின்றது. திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டி. மீசை வைத்த மேனேஜர் ஒருவர் டீ குடித்தபடி, கடைக்காரரிடம் மராத்தி தெரிந்த ஆள் வேண்டும் என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"மராட்டி வருமா?"

"வரும்."

"நாங்க சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லோணும். அவங்க சொல்றத அப்படியே எங்ககிட்ட. நடுவால உன்ற சொந்தச் சரக்கச் சேர்க்கப்படாது. முன்னால இருந்தவன் அதுலதான் போனான். முடியுமா?"

முடியும் என்று சொல்லி வண்டியில் ஏறினேன். நகர் ரோடு என்கிற நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போய் ஒரு வெங்காய வயலில் நிறுத்தினார்கள். ராடு இறங்கியது. முந்நூறு அடி வரை வெள்ளைப் புழுதிதான் வந்தது. வயல்காரரின் தாய், புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்று, மேனேஜரைப் பார்த்து நிறுத்தாமல் பேசினார்.

"அந்தம்மா என்னப்பா சொல்லுது?"

"போன வருசம் வந்த வண்டியும் புழுதிதான் காட்டுச்சாம். மதராசிங்களுக்குப் பூமியில ஓட்டை போடறதத் தவிர ஒண்ணும் தெரியாதாம். உங்க மீசையப் பாத்தாலே தெரியுதாம், தண்ணியக் கண்ணுல பாக்காத மூஞ்சின்னு. தண்ணி வராட்டி மகனும் மருமகளும் வெளியூரு கூலிக்குப் போவணும், பேரப் பிள்ளைகள யாரு பாக்கறதுன்னு கேக்குது."

அவர் மீசையைத் தடவினார். "மீசையப் பத்தியெல்லாமா சொல்லுவே?"

"நீங்கதான் அப்படியே சொல்லச் சொன்னீங்க."

ராடுகாரப் பையன்கள் சிரித்தார்கள். மேனேஜர் ஒரு பிடி புழுதியை அள்ளிப் பார்த்தார். "வருமான்னு எனக்கே தெரியல, இன்னொரு அம்பதடி பாக்கறேன், அதுக்கு மேல அவங்க இஷ்டம்னு சொல்லு. மீசைக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இல்லைன்னும் சொல்லு."

நான் அந்த அம்மா பக்கம் திரும்பி, ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.